குழாய் போடாத கரை

— லாரிய நிறுத்தச் சொல்லு தவசி. இன்னும் ஒரு லோடு மண்ணு கொட்டுனா நான் இங்கயே குந்திக்குவேன்.

— முத்தம்மாக்கா, வெயில்ல நிக்காதிய. இங்கன நெழலுக்கு வாங்க.

— என் வூட்டுல குடியிருக்கற, என் கையால சோறு துன்ற. அந்த உரிமையில கேக்கறேன். இப்டி ஆத்த மறிச்சு ரோடு போட்டா தண்ணி எப்டி போவும்?

— லாரி போவ தற்காலிகமாப் போட்ட கரைதானக்கா. வேல முடிஞ்சதும் எடுத்துருவோம்.

— எப்போ? ஏரியத் தொறந்துவுட்டு, மீஞ்சூர் பக்கத்துலேர்ந்து புதுத்தண்ணி வந்துகினு கீது. அது கரைக்கு அந்தாண்ட நிக்குது. இந்தாண்ட வந்து பாரு. கடல்லேர்ந்து ஏறி வந்த மடவை மீன் குஞ்சு, எறா குஞ்சு எல்லாம் கரையில முட்டிக்கினு கீது. தண்ணி சூடாயி, கலீஜாயி, வாயப் பொளக்குதுங்க.

— பாத்தேன்க்கா.

— பாத்துட்டு சொம்மா கீறியா? அந்தாண்ட கண்டல் காட்டு வேர்ல, நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்குற எடத்துலதான் அதுங்க வளரும். அங்க போவலன்னா, தை மாசம் நான் ஆத்துல எறங்கி இன்னாத்த தடவிப் புடிக்கிறது? சேத்தையா?

— நானும் ஆத்து மொகத்துல பொறந்தவன்தான். எனக்குத் தெரியாமலா இருக்கு?

— தெரிஞ்சவன் கரைக்கு அடியில நாலு குழாயப் பொதைச்சிருப்ப. தண்ணியும் போயிருக்கும், குஞ்சும் போயிருக்கும்.

— குழாய் வந்துச்சு. அந்தா, முள்ளுக்குள்ள கெடக்கு பாருங்க.

— அப்பால ஏன் போடல? உங்க மொதலாளி தடுத்தாரா?

— எறக்கும்போது உங்க ஊர்க்காரவியளே வந்து மறிச்சாவ. குழாய் வேண்டாம், அடைச்சே போடுங்கன்னாவ. மொதலாளியும் வேல மிச்சம்னு விட்டுட்டாரு.

— எங்க ஊரா? எவன் அவன்? பேரச் சொல்லு, பஞ்சாயத்துல நிக்க வெக்கிறேன்.

— வேண்டாம்க்கா.

— பேஜாரு பண்ணாத தம்பி. சொல்லு.

— அடைச்சாதான குஞ்சு எல்லாம் ஒரே எடத்துல சேரும். விடியக்கால கொசுவலையப் போட்டு அள்ளுதாவ. கோழித் தீவனத்துக்கு வண்டி வந்து எடுத்துட்டுப் போவுது.

— குஞ்சையா அள்றானுங்க? அத்தயும் அள்ளிட்டா ஆத்துல அப்பால இன்னா மிஞ்சும்? எவன்டா மொதல்ல வந்து உங்கள மறிச்சது?

— தாமோதரண்ணன்.

— எங்க வூட்டுக்காரா? அது காசிமேட்டுல போட்டுல மீன் புடிக்கப் போவுதுடா. தெனம் டிபன் கட்டிக் குடுத்து அனுப்புறேன்.

— அந்த டிபன இந்தக் கரையில உக்காந்துதான் திங்காரு. உங்க மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரலக்கா.

— அந்த மம்முட்டிய இப்டிக் குடு. நானே வெட்டுறேன்.

— உக்காருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— ஜேசிபிய வரச் சொல்லு. கரைய வெட்டு.

— என் வேல போயிரும். ஊரே தெரண்டு வந்து யாரு வெட்டச் சொன்னான்னு கேக்குமே, நான் என்ன சொல்ல?

— தாமோதரன் பொண்டாட்டி சொன்னான்னு சொல்லு.