கயிற்றுக்கு ஒரு டிக்கெட்

“கயித்துக்கு மட்டும் டிக்கெட் எடுப்போம், நாம நடந்துடுவோம்” என்று முன்னிருக்கைக்காரன் சொன்னதும், ஆயர் ஈத்தாம் போகும் டிராமில் அரைத் தூக்கத்திலிருந்த நான் விழித்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இளைஞர்கள் மூவர். ஞாயிற்றுக்கிழமை, உச்சி வரை ரயில் ஓடும் கொடிமலையில் செங்குத்தான பாறை ஒன்றில் ஏறப் போகிறார்களாம். சரக்குப் படகிலிருந்து ஓசியில் வாங்கிய கயிறு, கப்பலையே கட்டி நிறுத்துகிற கனமாம். அதை மலைக்கு யார் சுமப்பது?

“கயிறு தனியா ரயில்ல போவுமா? துணைக்கு ஒருத்தன் வேணும்லா” என்றான் மீசைக்காரன். “நான் போறேன். எனக்கு முட்டி வலி.”

“நேத்து ரெண்டு அரிசி மூட்டையைச் சேத்துத் தூக்கினியே, அப்ப வலிக்கலியா? கயிறு வாங்கியாந்தது நான். நான்தான் போவேன்” என்றான் முன்னிருக்கைக்காரன்.

கடலை கொறித்துக்கொண்டிருந்த மூன்றாமவன், “அப்ப நடக்குறது நான் ஒருத்தனா? நானும் ரயில்லயே வந்துடுறேன்” என்றான்.

முன்னிருக்கைக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சரி, மூணு பேரும் ரயில்லயே ஏறுவோம். போறதுக்கு மட்டும் டிக்கெட். மேல மரத்துல கயித்தக் கட்டி, பாறை வழியா எறங்கிடுவோம். திரும்புற காசு மிச்சம்.”

மூவரும் இருக்கை அதிரச் சிரித்தார்கள்.

“அண்ணே, துறைமுகத்துல கேட்டா பாறை ஏறினோம்னா சொல்றது?” என்று முன்னிருக்கைக்காரனைக் கேட்டான் கடலைக்காரன்.

“கயித்தப் புடிச்சிக்கிட்டுப் பாறையில தொங்கினோம்னு சொல்லு. மேலயா கீழயான்னு எவன் கேக்கப் போறான்?”