பலகை பிடித்தவன்

லாரி எஞ்சினை வீட்டுலயே பிரிச்சா முதல்ல காணாமப் போறது சமையக்கட்டுப் பாத்திரம்தான் ஐயா. வால்வு எல்லாம் சாப்பிடுற தட்டுல. போல்ட்டு எல்லாம் டம்ளர்ல. அக்காவோட பெரிய அண்டாவுல ஆறு பிஸ்டனும் டீசல்ல ஊறிக்கிட்டு இருந்துச்சு. மூணு வாரம் ஒரே சட்டியில சமைச்சா, முகம் சுளிக்கல. லாரி ஓடினாத்தானே வீடு ஓடும்.

அது அக்கா புருஷனோட லாரி. அவரை நான் மாமான்னு கூப்பிடுவேன். அவர் டிரைவர், நான் கிளீனர். எஞ்சின் புகை கக்க ஆரம்பிச்சதும் ஒர்க்‌ஷாப்புல கேட்டோம், மூணு மாசம் காத்திருங்கன்னாங்க. "நாமளே பிரிச்சு நாமளே மாட்டுவோம் மச்சான், இதென்ன ராக்கெட்டா"ன்னுட்டார் மாமா. ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகையில ஒரு இரும்பு ஸ்டாண்டு மேல எஞ்சினை ஏத்தினோம். தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் போன்ல வழி சொன்னார். மாமா ஒரு சட்டம் போட்டார். ஒரு வேலையை முடிச்சவன் அது மேல சாக்பீஸால "சரி"ன்னு எழுதணும். எழுதிட்டா மத்தவன் திரும்பத் தொடக்கூடாது. இல்லேன்னா ஜென்மத்துக்கும் முடியாதுன்னார். நியாயமான சட்டம்தான்.

நான் பயந்த சுபாவம் ஐயா. குக்கர் விசில் அடிச்சாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும். மாமாவுக்கு அது ஒரு விளையாட்டு. மாப்பிள்ளையா வந்த நாள்லேருந்து பதினாலு வருஷமா என்னைத் துள்ள வெச்சுப் பார்க்கிறதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. கெட்ட மனுஷன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். சோறு போட்டார், தொழில் குடுத்தார், காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினார். ஆனா அந்த எஞ்சினோட மேல்மூடியைச் சங்கிலியில தொங்கவிட்டு இறக்கினோம் பாருங்க, என் கை அடியில இருக்கும்போது சங்கிலியை ஒரு இஞ்ச் விட்டார். நான் அலறிட்டேன். "விரல் பத்தும் இருக்கான்னு எண்ணுடா பயந்தாங்கொள்ளி"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சார். கதவுகிட்ட நின்ன அக்காவும் சிரிச்சிட்டா. அவர் சிரிச்சது எனக்குப் பழகினதுதான். அவ சிரிச்சதுதான் ஆறல.

டீசல் பம்ப் வேலை என் பங்குக்கு வந்துச்சு. அதுக்குள்ள ராக்குன்னு ஒரு பல்லுக்கம்பி இருக்கும். எஞ்சினுக்குப் போற டீசலைக் கூட்டுறதும் குறைக்கிறதும் அதுதான். விரலால தள்ளினா தடையில்லாம போயிட்டு வரணும். எனக்கு அது பாதியில ஒரு இடத்துல பிடிச்சுது. எப்பவும் இல்லை, பத்து தடவைக்கு ஒரு தடவை. மாமாகிட்ட சொல்லியிருக்கலாம். அதுக்கு முன்னாடி நாலு விஷயத்துக்குப் பயந்து நாலு தடவை சொன்னேன், நாலும் ஒண்ணுமில்லைன்னு ஆச்சு, நாலையும் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிச்சார். அஞ்சாவதா வாயைத் திறக்க மனசு வரல. மூடியைப் போட்டு முடுக்கிட்டு "சரி"ன்னு எழுதினேன். அவர் தொடல. அவர் போட்ட சட்டமாச்சே.

அந்தப் பல்லுக்கம்பி சிக்கினா என்ன ஆகும்னு இவனுக்குத் தெரியாதுன்னு உங்க போலீஸ்காரங்க எழுதியிருக்காங்க. தெரியும் ஐயா. மெக்கானிக் சொன்னார்: "முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்போ எஞ்சின் கைமீறிப் போகலாம். நிறுத்துற கம்பியை இழுத்தாலும் நிக்காது. வேகம் ஏறிக்கிட்டே போயி வெடிச்சு இரும்பு பறக்கும். அதனால காத்து இழுக்கிற வாய்கிட்ட ஒருத்தன் பலகையோட நிக்கணும். வாயை அடைச்சா மூச்சு முட்டி நின்னுடும்."

"உனக்கேத்த வேலை, சும்மா நின்னாப் போதும்"னு பலகையை மாமா எனக்கு ஒதுக்கினார். நான் அதை ஒழுங்கா இழைச்சேன். காத்து கசியக்கூடாதுன்னு பழைய ட்யூபை வெட்டி ஒரு பக்கம் ஒட்டினேன். ஓடாத எஞ்சின்ல மூணு தடவை வெச்சுப் பழகினேன். ஒரு எட்டு எடுத்து வெச்சு அழுத்தினாப் போதும், கச்சிதமா உட்கார்ந்துச்சு. அப்பவும் எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல.

ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டார்ட் பண்ணினோம். அக்காவை வீட்டு முன்பக்கம் போய் உட்காரச் சொன்னேன். "எதுக்குடா?"ன்னா. "புகை வரும்க்கா"ன்னேன். அதையும் குறிச்சுக்கோங்க.

ரெண்டாவது சுத்துலயே எஞ்சின் பிடிச்சுடுச்சு. மாமாவுக்குக் கண்ணுல தண்ணி. "பாத்தியா மச்சான், பாத்தியா"ன்னார். அப்புறம் கொஞ்சம் வேகம் குடுத்துட்டு விட்டார். வேகம் இறங்கல. ஏறுச்சு. நிறுத்துற கம்பியை இழுத்தார், அது அசையல. தகரக் கூரை அதிர்ந்துச்சு. சுவத்துல மாட்டியிருந்த ஸ்பேனர் ஒண்ணொண்ணா கீழே விழுந்துச்சு, விழுற சத்தம் கேக்கல, அவ்வளவு இரைச்சல். கறுப்புப் புகை. என் முட்டி ரெண்டும் தனித்தனியா ஆடுச்சு.

"மூடுடா"ன்னு கத்தினார். நான் ஒரு எட்டு தூரத்துல பலகையோட நின்னேன். அவர் அந்தப் பக்கம் எஞ்சின் மேல கவிழ்ந்து பம்ப்பைக் கையால இழுக்கப் பார்த்தார். முடியல. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய் கோணிக்கிச்சு, உதடு வெளுத்துப் போச்சு. அது என் முகம் ஐயா. கண்ணாடியில நான் பார்த்துப் பார்த்து வெறுத்த முகம். "மூடு தம்பி, தம்பி, மூடு"ன்னார். அதுவரைக்கும் அவர் என்னைத் தம்பின்னு கூப்பிட்டதே இல்லை.

அப்புறம் எஞ்சினோட விலா பிளந்துச்சு. அவர் நின்ன பக்கம்.

பயத்துல கை கால் வரலன்னு அக்காகிட்ட சொன்னேன். அவ என் தலையைத் தடவி, "உன் சுபாவம் தெரிஞ்சும் உன்னைப் போயி நிக்க வெச்சாரே, அவர் பண்ணின தப்புடா"ன்னு அழுதா. தெருவும் அதையேதான் சொல்லுது. நீங்களும் விபத்துன்னு எழுதி முடிச்சிட்டீங்க. ஒரு மாசமா அவ கை என் தலையில பட்டாலே உடம்பு விறைச்சுப் போகுது. இனி அந்த வீட்டுல இருக்க எனக்குத் தைரியம் இல்லை. அதான் நானா ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவரைக் கொல்லணும்னு நான் நினைக்கல. ஒரே ஒரு தடவை அவரும் பயந்து பார்க்கட்டும்னுதான். அது "மூடுடா"ன்னு கத்தினப்பவே நடந்துடுச்சு. பலகையை வைக்க அப்பவும் நேரம் இருந்துச்சு. அவர் தம்பின்னதும் என் முட்டி ஆட்டம்கூட நின்னுடுச்சு, நினைவு தெரிஞ்சதுலேருந்து முதல் தடவையா எனக்குப் பயமே இல்லை. இன்னொரு தடவை தம்பின்னு கூப்பிடட்டும், அப்புறம் மூடிக்கலாம்னு நின்னேன்.