வலது பக்கத்து மணி

விசாரணைக்கு வந்தவளை உட்காரச் சொன்னீர்களே, அதுவே பெரிய உபகாரம், சார். முதியோர் இல்லத்தில் பதினாறு வருஷம் நர்சாக இருந்தவளுக்கு நாற்காலி என்பது அடுத்தவர்கள் உட்காரும் சாமான்.

எங்கள் மாடியில் இருபத்தாறு கட்டில். பார்த்துக்கொள்ள நானும் ஓர் ஆயாவும். கட்டிலுக்கு ஓர் அழைப்பு மணி. அழுத்தினால் மூன்று நிமிடத்துக்குள் போய் அணைக்க வேண்டும். தாமதமானால் மேசையிலுள்ள இயந்திரம் சிவப்பில் பதிந்துவிடும். சோதனைக்கு வருகிறவர்கள் அந்தச் சிவப்பைத்தான் முதலில் தேடுவார்கள். அதுவரை என் மாடியில் சிவப்பு விழுந்ததே இல்லை.

பிறகு அப்பா வந்து சேர்ந்தார். பக்கவாதத்தில் வலது கையும் நடையும் போய்விட்டன, குரல் பாதிதான். மகள் வேலை பார்க்கும் இடம், கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததில் பொய் இல்லை.

சும்மா சும்மா அழுத்துவார். விழுந்தடித்து ஓடினால் ஒரே கேள்விதான்.

“சாப்டியா பாப்பா?”

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. “சாப்டேன்ப்பா. இதுக்காகவா கூப்பிட்டீங்க?” என்பேன். பாதி நாள் பொய்தான். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். நான் மேசைக்குத் திரும்புவதற்குள் மறுபடியும் அவர் மணியின் விளக்கு எரியும்.

ஒரே வாரத்தில் நான்கு சிவப்பு. அவரிடம் ஓடும்போது மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஆயா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்கப்பாவால எனக்கும் சேத்து திட்டு விழுது.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுநாள் காலை விரிப்பு மாற்றும்போது, இடப்பக்கம் இருந்த மணியை எடுத்து வலப்பக்கம் கட்டினேன், அந்த விழுந்த கைக்குப் பக்கத்தில். விதிப் புத்தகத்தில் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எந்தக் கை என்று இல்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது, சார்.

சோதனைக்கு வந்த அதிகாரி அம்மா அந்த மணியை அழுத்திப் பார்த்தார். வேலை செய்தது. “நல்லா வச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் கேட்கும் நாளில் மதியச் சாப்பாட்டை நான்தான் ஊட்டினேன். கடைசி வாயை விழுங்கினாரா என்று பார்க்கவில்லை. உதட்டைத் துடைத்துவிட்டு வந்து, அவர் கட்டிலை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அதிசயமாக நேரத்துக்குச் சாப்பிட்டேன். மாடியே அமைதியாக இருந்தது. போய்ப் பார்த்தபோது, தொண்டையில் அடைத்து எல்லாம் முடிந்திருந்தது. இடது கை மார்பைத் தாண்டி நீண்டிருந்தது. மணியைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது.

டாக்டரைக் கூப்பிடும் முன் மணியை மறுபடி இடப்பக்கம் கட்டினேன். இரண்டு தடவையும் மாற்றியது நான்தான். ஆயாவுக்கு எதுவும் தெரியாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் மூச்சுக்காகக் கூப்பிட்டார் என்று மட்டும் எழுதாதீர்கள். அவரை எனக்குத் தெரியும். நான் சாப்பிட்டேனா என்று கேட்கத்தான் கையை நீட்டியிருப்பார்.