வீட்டுக்கு வழி சொன்ன கோடுகள்

சுண்ணாம்பைக் கரைத்த அன்றே பூசினால் மழைக்கு நிற்காது, ஐயா. ஒரு நாள் ஊறவிட்டு, ஒரு பிடி உப்பும் போட்டுக் கலக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர் மாதப்பன்தான். காப்பி எஸ்டேட்டில் எந்த நிழல் மரத்தில் கிளை கழிக்க வேண்டும் என்று கோடு போட்டு வைப்பது இருபது வருடம் அவருடைய வேலை.

போன வருடம், எண்பத்தாறில், அவருக்கு மறதி தொடங்கியது. ஏற்காட்டுக்குப் பஸ் ஏறிப் போனவர், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார். இது ஆரம்பம்தான், இனிமேல் கூடும், அதுவரை அடையாளம் வைத்துக்கொண்டு தன் வேலையைத் தானே பார்க்கட்டும் என்றார் சேலத்து டாக்டர். இவரும் சளைக்கவில்லை. மாத்திரை விழுங்கியதும் துண்டில் ஒரு முடிச்சுப் போடுவார். ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து வீடு வரைக்கும் பன்னிரண்டு சில்வர் ஓக் மரங்களில், திரும்பி வரும்போது கண்ணில் படுகிற பக்கமாகக் கோடு போட்டார்.

"எஸ்டேட்டுக்குப் போட்டவனுக்கு ஊட்டுக்குப் போடத் தெரியாதா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

அவருக்கு முதலில் வாக்கப்பட்டவள் என் அக்கா வெள்ளையம்மாள். காய்ச்சலில் அவள் போனதும், பதினேழு வயதில் என்னைக் கட்டிவைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். முப்பது வருடம் ஆகிறது. மறதி வந்த கொஞ்ச நாளில் என்னை வெள்ளையம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். "நான் அத்தாயிங்க" என்பேன். தலையை ஆட்டுவார், மறுபடியும் அதே பெயர்தான். திருத்துவதை விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் களி போட்டுக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளையம்மா, நீ வந்துட்டீல்ல, அது போதும். உன் தங்கச்சிய என் தலையில கட்டிட்டாங்க. நொம்ப நல்ல புள்ளதான். ஆனா ஒரு நாளும் மனசு ஒட்டல. அதுகிட்டச் சொல்லிப்போடாத."

"சொல்ல மாட்டனுங்க" என்றேன். ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னேன். வேதனையாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபம் இல்லை. நோயாளியிடம் யாராவது கோபப்படுவார்களா.

அவருக்காகத்தான் யோசித்தேன். முற்றிப்போனால் மலம் மூத்திரம்கூடத் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அதுக்கு முன்னால போயிரணும்" என்று அவரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் எத்தனையோ நாள் பிழைக்க ஆசைப்பட்டுப் பேசினார். நான் முதலில் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சுண்ணாம்பு ஊறப்போட்டேன். அதற்கடுத்த நாள் காலையில் அவர் தோட்டத்துக்குப் போனதும், பாதை பிரிகிற இடத்திலிருந்து வீட்டுப் பக்கம் இருந்த ஏழு கோடுகளையும் சுரண்டி எடுத்தேன். கரடியூர்ச் சரிவுக்குப் போகிற பாதையில் ஏழு மரங்களில் புதிதாகப் போட்டேன். கடைசி மரம் பாறை விளிம்பில் நிற்கிறது. நல்ல வெயில், சீக்கிரம் காய்ந்துவிட்டது.

மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. அவர் ஆரஞ்சுக் கூடையோடு வந்தார். பிரிவில் நின்றார். கால் வீட்டுப் பக்கம்தான் திரும்பியது. பிறகு மரத்தைப் பார்த்தார். காலை நம்பாமல் கோட்டை நம்பி நடந்தார். குறுக்கே யாரும் வந்து குழப்பிவிடக் கூடாதே என்று நானும் இருபதடி பின்னால் போனேன்.

கடைசி மரத்தில் கை வைத்து நின்றார். அடுத்த கோட்டைத் தேடினார். பனியில் எதுவும் தெரியவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

வழி தவறிப் பாறையிலிருந்து விழுந்தார் என்று போலீஸ் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார். நான்தான் கொடுக்கவில்லை. "அத்தாயி, எங்க இருக்கற? அத்தாயி" என்றார். ஒரு வருடத்துக்கு அப்புறம் என் பெயர், ஐயா. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றுதான் பேசாமல் நின்றேன்.