கிழக்கே திருப்பிய கூரைத் தகடு

இந்தப் புதிய தறிக்கூடத்தைக் கட்டி, அதன் திறப்பு விழாவுக்கும் தலைமை ஏற்று, மாலையின் கனத்திலும் கழுத்துச் சாயாமல் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தம்பிதுரை அவர்களே, முன்வரிசைக்கு முகப்பொலிவு தரும் சோமனூர்ப் பெரியோர்களே, நாளை முதல் உள்ளே தறி ஓட்டப்போகிற என் தாய்மார்களே, கால் கடுக்க நிற்கும் தோழர்களே, அனைவரையும் பணிந்து வணங்குகிறேன்.

பீளமேட்டில் தகடு மடிக்கும் பட்டறை வைத்திருப்பவன் நான். ரிப்பன் வெட்ட அழைத்தார்கள். வந்த இடத்தில் கூரையைப் பார்த்தேன். பார்த்த பிறகு பாராட்டாமல் இருக்க முடியுமா?

தகடு என்பது என்ன? தட்டையாக இருக்கும்வரை அது வெறும் தாள். அதையே நெருப்பில் காட்டாமல், உருளைகளுக்கு இடையே விட்டு அலை அலையாய் மடித்தால் நிமிர்கிறது, சுமக்கிறது, சூறைக்காற்றுக்கும் ஈடுகொடுக்கிறது. இதோ உங்கள் அழைப்பிதழ். இரண்டு டம்ளர்களின் மேல் வைக்கிறேன். மேலே ஓர் எலுமிச்சம்பழம். தொய்ந்துவிட்டது. இப்போது விசிறியாய் மடித்து, மடிப்புகள் டம்ளருக்கு டம்ளர் ஓடும்படி வைக்கிறேன். பழம் நிற்கிறது. அதே தாளை, அதே மடிப்பைக் குறுக்கே திருப்புகிறேன். பழம் தலைவரின் மடியில். மன்னிக்க வேண்டும் தலைவரே, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கூரைக்கும் இதுதான் கணக்கு. மடிப்பு, கூரையைத் தாங்கும் ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்கு ஓட வேண்டும். ஆனால் இங்கே சரிவு தெற்கே, அப்படிப் போட்டால் மடிப்பும் தெற்கே. மழைத்தண்ணீர் தெற்கே ஓடினால் செல்வமும் கூடவே ஓடிவிடும் என்றாராம் வாஸ்து பார்த்தவர். கட்டிடத்தைத் திருப்ப முடியுமா? முடியாது. ஆகவே தகட்டைத் திருப்பினார்கள். தண்ணீர் கிழக்கே போகட்டும் என்று மடிப்பையே கிழக்கு நோக்கிப் போட்டார்கள். என்ன அறிவு, என்ன ஆற்றல், என்ன அடக்கம்!

கூரை வேலை செய்த மாசாணம் அப்போதே சொல்லியிருக்கிறார்: "ஏனுங்க, இப்படித் திருப்பிப் போட்டா ஆள் நின்னாலே மடங்கிப்போயிருமுங்க."

தலைவர் சொன்னாராம்: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நீ போல்ட்டை முடுக்கு கண்ணு."

கண்ணு என்றாரே, அந்தப் பாசத்தைக் கவனியுங்கள். மாசாணம் முடுக்கினார். கடைசி போல்ட்டுக்காகக் கால் வைத்தார். தகடு மடங்கியது, மாசாணம் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மடங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, அதே இடத்தில், அதே திசையில் மறுபடியும் மாட்டிவிட்டார்கள்.

என்ன சொன்னீர்கள், பெரியவரே? "ஆள் ஏறினாத்தானுங்க மடங்கும். இனி யாரு ஏறப்போறாங்க?" அருமையான கேள்வி. ஐப்பசி மழை ஏறும். குறுக்கே கிடக்கும் ஒவ்வொரு மடிப்பிலும் தண்ணீர் தேங்கும். தேங்கத் தேங்கத் தொய்யும். தொய்யத் தொய்ய இன்னும் தேங்கும். அப்போது கீழே நிற்கப்போவது யார்? தலைவரா? வாஸ்து பார்த்தவரா? நாளை முதல் தறி ஓட்டப்போகிற பழனியாத்தாளும் அவரோடு பதினோரு பெண்களும்.

அதோ, பழனியாத்தாளே எழுந்துவிட்டார். சொல்லுங்க அம்மணி. "கூரைச் சீட்டைச் சரியாத் திருப்பிப் போடட்டுங்க. அதுவரைக்கும் நாங்க உள்ள வாரதில்லீங்க."

தலைவருக்கு முகம் வாடிவிட்டது. தம் கூரையை நம்ப மறுக்கிறார்களே என்ற வருத்தம். ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன், தலைவரே. தறிகள் போக நானூறு பேர் உட்காரக்கூடிய புத்தம்புதுக் கூடம் அங்கே ஆளில்லாமல் இருக்கிறது. உங்கள் கூடம், உங்கள் கூரை. அப்படியிருக்க, நீங்களும் உங்கள் வீட்டாரும் உட்காருவதற்கு இந்தத் தென்னங்கீற்றுப் பந்தலை எதற்காக வெளியே போட்டீர்கள்?

பதில் எனக்கு வேண்டாம், தாய்மார்களிடம் சொல்லுங்கள். ரிப்பனை நான் வெட்டப்போவதில்லை. கேட்டிருந்த எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.