பாதி நெஞ்சு

சார், நான் சட்டையைத்தானே கழட்டச் சொன்னேன், நீங்க எதுக்குச் செருப்பை மாட்டறீங்க? கழட்டுங்க, கழட்டுங்க. இப்படி உக்காருங்க. ஸ்டூல் ஆடாது, ஒரு கால் கொஞ்சம் குட்டை, கீழ அட்டை மடிச்சு வெச்சிருக்கேன். எங்க கிளம்பினீங்க? காத்து வாங்கவா? ஆஸ்பத்திரிச் சட்டையோட, பின்னாடி நாடா அவுந்து தொங்க, காத்து வாங்கப் போனா காத்து நல்லாத்தான் வரும். இருங்க, திரையை இழுத்து விட்டுடறேன். இப்ப நீங்களும் நானும் மட்டும்தான். சொல்லுங்க, பயமா?

இல்லையா? சரி. பயம் இல்லாதவங்களுக்கு முடி படுத்திருக்கும் சார். உங்க நெஞ்சுல பாருங்க, வாத்தியார் உள்ள வந்த மாதிரி ஒவ்வொண்ணும் எந்திரிச்சு நிக்குது.

கத்தியெல்லாம் இல்ல, மெஷின்தான். முன்னாடி பிளேடு இருந்துச்சு. இப்ப கூடாதுன்னுட்டாங்க, சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி போய் உக்காந்துக்குமாம். இது சும்மா சத்தம்தான் போடும், கடிக்காது. கையைத் தூக்குங்க. கூசுதா? சிரிச்சுக்கோங்க, தப்பே இல்ல. போலீஸ்காரர் ஒருத்தர் வந்திருந்தார், உடம்பு பீரோ மாதிரி, மீசை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும். மெஷினைக் கிட்ட கொண்டு போனதும் கைக்குழந்தை மாதிரி கெக்கெக்கேன்னு சிரிக்கறார். வாசல்ல அவருக்குக் கீழ வேலை பார்க்கற ரெண்டு பேர் நின்னாங்க. எட்டிப் பார்த்துட்டு, சுவத்தைப் பார்த்துத் திரும்பி நின்னுட்டாங்க. மரியாதை சார், மரியாதை.

இந்த வேலைக்குப் பேரா? அடையாள அட்டையில என்னவோ நீளமா போட்டிருக்காங்க. எல்லாம் ஒண்ணுதான், செரைக்கிறது. வேற யாரையாவது போய், நீ என்னத்தைச் செரைச்சேன்னு கேட்டுப் பாருங்க, அடிக்க வருவாங்க. என்னைக் கேட்டா, இன்னிக்கு நாலு நெஞ்சுன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். என் வீட்டுக்காரிக்குக் கோபம் வந்தா இந்தக் கேள்விதான் கேப்பா. நானும் இந்தப் பதில்தான் சொல்லுவேன். அவளுக்குக் கோபம் இன்னும் ஏறும்.

எனக்கா? மூச்சு வாங்குதா? அட, படியேறி வந்தேன் சார். லிஃப்ட்டுல ஸ்ட்ரெச்சர் போச்சு. என்னை விடுங்க, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? கார் ஓட்டக் கத்துக் குடுக்கறீங்களா? அடேங்கப்பா! அப்புறம் என்ன சார் உங்களுக்குப் பயம்? ஓட்டவே தெரியாதவன் கையில ஸ்டீயரிங்கைக் குடுத்துட்டு, பக்கத்து சீட்டுல போய் உக்கார்ற ஆளாச்சே நீங்க. எதிர்ல லாரி வரும். அவன் பதட்டத்துல பிரேக்கை விட்டுட்டு வைப்பரைப் போடுவான். தினம் தினம் அந்தப் பயலுங்ககிட்ட உசிரைக் குடுத்துட்டு, வேலை தெரிஞ்ச டாக்டர்கிட்ட ஒரு நாள் குடுக்க இந்த நடுக்கம் நடுங்கறீங்களே!

என்னது? உங்க காலுக்குக் கீழ தனியா ஒரு பிரேக் இருக்குமா?

ம். அது நியாயம்தான். நாளைக்கு ஆபரேஷன்ல அந்த பிரேக் உங்ககிட்ட இருக்காது.

சரி, யாரு உங்களைக் கிளப்பி விட்டது? காலையில நல்லாத்தான் இருந்தார், மத்தியானத்துக்கு மேலதான் இப்படி ஆயிட்டார்னு நர்ஸம்மா சொன்னாங்க. மச்சானா? அதானே பார்த்தேன்! எல்லாருக்கும் ஒரு மச்சான் இருக்கார் சார். தைரியம் சொல்லிட்டு வந்துடறேன்னு கிளம்பி வருவாங்க. இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. என்ன சொன்னார்? ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னா? இங்கயா? டாக்டரை வெச்சுக்கிட்டா? கடவுளே!

சார், அது பேரை இல்ல, வேரை. மூலிகை வேரு. ஆயிரம் வேரைக் கண்டவன்தான் அரை வைத்தியன் ஆவான்னு அர்த்தம். எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் குடுத்தார். உங்க மச்சானோட வாத்தியார் அன்னிக்கு லீவு போல. டாக்டர் என்ன பண்ணினார்? சிரிச்சாரா? பாருங்க, தங்கமான மனுஷன். வேற யாராவதா இருந்தா மச்சானையும் ஒரு கட்டில்ல படுக்கப் போட்டிருப்பார்.

கழுத்தைக் கொஞ்சம் நிமித்துங்க. ஒரு தையல்காரர் வந்திருந்தார் சார், உங்களை மாதிரியே இதய வால்வு கேஸ். பயமே இல்ல அவருக்கு, எல்லாம் தொழில் கேள்விதான். நூல் என்ன நூல், ஒத்தைத் தையலா ரெட்டைத் தையலா, பிரிஞ்சா யாரு பொறுப்புன்னு டாக்டரைக் குடைஞ்சு எடுத்துட்டார். டாக்டரும் பொறுமையா, எலும்புக்கு நூல் இல்லீங்க, கம்பின்னார். தையல்காரர் மூஞ்சி சுருங்கிடுச்சு. அப்ப அது தையல் இல்லீங்க, வேலி கட்டறதுன்னுட்டார்.

கம்பியான்னா? ஆமா, நெஞ்செலும்பைத் திறந்துதானே உள்ள போகணும், அப்புறம் கம்பி போட்டுக் கட்டுவாங்க. உங்ககிட்ட சொல்லலையா? சொல்லியிருப்பாங்க சார், நீங்க அப்ப ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்க. ஐயையோ, மூஞ்சி ஏன் இப்படி வெளுக்குது? தண்ணி குடிங்க. தப்பு என் மேலதான். வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிறதுல என்னை அடிச்சுக்க ஆளே இல்லன்னு வீட்டுல சொல்லுவாங்க.

இதயத்தை நிறுத்தறதுதான் உங்களுக்கு ஒப்பலையா? நீங்களே சொல்லுங்க, ஓடற இன்ஜின்ல எந்த மெக்கானிக்காவது கையை விடுவானா? ஆஃப் பண்ணித்தான் ஆகணும். அது வரைக்கும் ரத்தத்தை ஓட்டறதுக்கு வெளியில ஒரு மெஷின் வெச்சிருக்காங்க. வேலை முடிஞ்சதும் மறுபடி ஸ்டார்ட் பண்ணிடுவாங்க. ஸ்டார்ட் ஆகலைன்னாவா? தள்ளி ஸ்டார்ட் பண்ணுவாங்க. இல்ல, இல்ல, சும்மா சொன்னேன். பெரும்பாலும் அதுவே அடிக்க ஆரம்பிச்சிடுமாம், இல்லாட்டி லேசா கரண்ட்டு குடுப்பாங்களாம். உங்க பேட்டரி நல்லாத்தான் இருக்குன்னு நேத்து பேசிக்கிட்டாங்க, வால்வுதான் துரு பிடிச்சிருக்கு.

எந்த வால்வு போடறாங்க உங்களுக்கு? உலோகமா? நல்லது. பன்னியோடதும் போடுவாங்க. ஒருத்தர் ரொம்ப கவலையா என்கிட்ட கேட்டார், தம்பி, அதைப் போட்டா சேத்தைப் பார்த்தா இறங்கத் தோணுமான்னு. உங்களோடது அந்த வம்பே இல்ல. சத்தம் மட்டும் கேக்கும், கடிகாரம் மாதிரி, டிக் டிக்குன்னு. ஒருத்தரோட சம்சாரம் சொன்னாங்களாம், இந்தச் சத்தம் வந்ததுலேர்ந்து நிம்மதியா இருக்கேன், இவர் பொய் சொன்னா வேகமா அடிக்குது, நான் கேள்வி கேக்கவே வேண்டியதில்லன்னு. மனுஷன் அன்னிலேர்ந்து உண்மையைத் தவிர வேற பேசறதில்லையாம்.

சிரிச்சீங்க! அப்பாடா. அசையாதீங்க, சிரிச்சா வயிறு மேல வருது. இந்தப் பக்கம் முடிஞ்சுது. வழுவழுன்னு இருக்கு பாருங்க. அந்தப் பக்கம் திரும்புங்க.

ஏன் சார், என் கையைப் பிடிச்சு நிறுத்தறீங்க?

எத்தனை பேர் நல்லபடியா திரும்பி வந்தாங்கன்னா? நிறையப் பேர் சார். முக்காவாசிக்கு மேல. அதுக்கும் மேல. கிட்டத்தட்ட எல்லாருமேன்னு வெச்சுக்கோங்களேன்.

நான் பார்த்தேனான்னா?

சார், அப்படி நேருக்கு நேரா கண்ணைப் பார்த்துக் கேக்காதீங்க. அந்த டிக் டிக் ஆளா? அது நர்ஸம்மா சொன்னது. போலீஸ்காரரா? அவர் நல்லா இருக்காருன்னும் நர்ஸம்மாதான் சொன்னாங்க. பொய் சொல்ற ஆள் இல்ல அவங்க. ஆனா நீங்க கேக்கறது, கண்ணால பார்த்தியான்னு. பார்க்கலை சார். என் வேலை முதல் நாளோட முடிஞ்சிடும். அப்புறம் உங்களையெல்லாம் அந்தப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டு போயிடுவாங்க. அங்க என்னை விட மாட்டாங்க, கிருமின்னு. தேறினதும் அந்த வழியாவே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து நான் பார்த்ததெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடி இருக்கிற மூஞ்சிதான். பின்னாடி எப்படி இருக்கும்னு ஒருத்தர்கிட்டகூடப் பார்த்ததில்ல.

சார், சார்! மறுபடி செருப்பா? எங்க போறீங்க, பாதி நெஞ்சுதானே ஆயிருக்கு! இந்தப் பக்கம் பளபளன்னு, அந்தப் பக்கம் காடு மாதிரி, வீட்டுல போய் என்ன சொல்லுவீங்க? கொஞ்சம் நில்லுங்க. நான் பிடிச்சு இழுக்க மாட்டேன், எனக்கு அவ்வளவு தெம்பும் இல்ல இன்னிக்கு. ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போங்க.

நீங்க போயிட்டீங்கன்னா நாளைக்குக் காலையில டாக்டர் சும்மா இருக்க மாட்டார். அடுத்த ஆளை முன்னால நகர்த்திடுவாங்க.

யாரா? நான்தான்.

விளையாட்டு இல்ல சார். இந்த நீலச் சட்டைக்கு உள்ள பாருங்க, உங்களோட அதே சட்டை. அதே நாடா. கையில பேரு எழுதின பட்டையும் கட்டியாச்சு, முழுக்கையில மறைச்சு வெச்சிருக்கேன். காலையிலயே சேர்த்துட்டாங்க. கட்டில்ல படுத்துப் பார்த்தேன், முடியலை. மேல ஃபேன் சுத்துது, அதையே எவ்வளவு நேரம் பார்க்கறது? இந்த வேலைக்கு வர்ற இன்னொரு ஆள் லீவு. நர்ஸம்மா கையில கால்ல விழுந்து, நான் உக்காந்தபடியே செய்யறேன்மான்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். படியேறினதுனால மூச்சு வாங்கலை சார். நாலு மாசமா இப்படித்தான் வாங்குது, எனக்கும் வால்வுதான்.

எப்படித் தெரிஞ்சுதுன்னா, அதுவும் ஒரு கூத்து. டாக்டருக்குப் படிக்கற பொண்ணு ஒண்ணு, கேன்டீன்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தவனை, அண்ணே, நீங்க ஒல்லி, உங்க நெஞ்சுல நல்லா கேக்கும், ஒரு தடவை ஸ்டெத்தை வெச்சுப் பார்த்துக்கறேன்னுச்சு. பழகிக்கிறதுக்கு. நானும் பெரிய மனுஷனா நெஞ்சைக் குடுத்தேன். வெச்ச பொண்ணு எடுக்கவே இல்ல. அப்புறம் கூடப் படிக்கற பசங்களைக் கூப்பிட்டுச்சு. டிக்கெட்டு எடுக்கற மாதிரி வரிசையில நின்னு கேட்டாங்க. கடைசியில பெரிய டாக்டர் வந்து கேட்டுட்டு, டீயைக் கீழ வைங்கன்னார்.

அன்னிலேர்ந்து யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு. உனக்கென்னப்பா, பழகின இடம். உனக்குத் தெரியாததா. நீ ஊருக்கே தைரியம் சொல்ற ஆளாச்சே. என் வீட்டுக்காரி கீழ பெஞ்சுல உக்காந்து, அவருக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு யார் யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு இருக்கா. அவகிட்ட போய் நான் எதைச் சொல்றது? ஊருக்குத்தான் உபதேசம்னு சும்மாவா சொன்னாங்க. பழகின இடமாம்! எனக்கு இங்க என்ன சார் தெரியும்? மயிருதான் தெரியும். திட்டலை, நிஜமாவே அதுதான் தெரியும்.

பயமா இருக்கு சார். இவ்வளவு நேரம் உங்களைக் கேட்டேனே, எனக்குத்தான் பயமா இருக்கு. உங்க பேரு முதல்ல, என் பேரு ரெண்டாவதுன்னு கேட்டதும், அப்பாடா, முன்னாடி ஒருத்தர் இருக்கார்னு நிம்மதியா இருந்துச்சு. உங்களை முன்னாடி தள்ளிட்டு நான் தப்பிக்கணும்னு இல்ல. ஒருத்தர் போற வழியில போறோம்னா கொஞ்சம் தெம்பு, அவ்வளவுதான். அதுக்குத்தான் இத்தனை கதையும்.

உக்காந்துட்டீங்களா? நல்லா இருப்பீங்க சார். திரும்புங்க, மிச்சத்தை எடுத்துடறேன். நாலே இழுப்பு. ஆச்சு.

இன்னொரு உதவி, சிரிக்கக் கூடாது. இங்க பாருங்க என் நெஞ்சை. இவ்வளவுதான் என்னால முடிஞ்சுது. அடுத்தவங்களுக்கு எடுக்கும்போது கை பாட்டுக்குப் போகுது, என் நெஞ்சுகிட்ட வந்தா நின்னுடுது. அந்த ஆள் லீவுன்னேனே, எனக்கு எடுக்கவும் ஆள் இல்ல. நீங்க பிடிங்க மெஷினை. அட, ஒண்ணும் கஷ்டம் இல்ல, மேலேர்ந்து கீழ, அழுத்தாம. கோணலா போனா போகட்டும், இதுக்கென்ன கல்யாணமா பண்ணப் போறோம்? ம். மெதுவா. அப்படித்தான். கத்துக் குடுக்கறவரு, சீக்கிரம் கத்துக்கிட்டீங்க.

சார். நாளைக்கு உங்களுக்கு முடிச்சதும் அந்தக் கட்டடத்துலதான் வெச்சிருப்பாங்க. என்னையும் அங்கதான் கொண்டு வந்து போடுவாங்க, அனேகமா பக்கத்துக் கட்டில். மூச்சுக்காக வாயில வெச்ச குழாயை உங்களுக்கு முன்னாடி எடுத்துடுவாங்க. எனக்கு அப்ப இன்னும் வாயில குழாய் இருக்கும். என்னால ஒரு வார்த்தை பேச முடியாது.

நீங்க பேசுங்க சார். எதையாவது பேசிக்கிட்டே இருங்க. நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்.