எக்ஸிட் எடுத்தாச்சு

"ஹலோ... ஹலோ... கோகுலு? ...ஆங், நான்தான், உதயா. ...அஞ்சு தபா அடிச்சிட்டேன் மச்சான், எடுக்கவே மாட்டேன்ற. ...மீட்டிங்குன்னா வெளிய வா. ...இல்ல, அப்புறம்லாம் இல்ல. இப்பவே. டயாலிசிஸ் சைட்டு மேட்டரு."

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையைப் பார்த்த மாடி அறையில், காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்த நாற்காலியை விட்டு உதயகுமார் இன்னும் எழுந்திருக்கவில்லை. திருமழிசைப் பக்கம் ஓர் அறக்கட்டளை இலவச டயாலிசிஸ் மையம் ஒன்றை நடத்திவந்தது. நோயாளிகள் தங்கள் நாளையும் நேரத்தையும் பதிவுசெய்யும் இணையதளத்தை அந்த மையத்துக்கு எழுதிக் கொடுத்தவன் கோகுல்நாத். பாலிடெக்னிக்கில் உதயகுமாரோடு ஒரே பெஞ்சில் மூன்று வருடம் உட்கார்ந்தவன். இப்போது பெரிய கம்பெனியில் பெரிய வேலை. அவன் எழுதிய தளத்தில் பதிவான பெயர்கள் தாமாகவே காணாமல் போகின்றன என்று மையத்தின் இயக்குநர் நாகேந்திரன் நேற்று உதயகுமாரைக் கூப்பிட்டுச் சொல்லி, சரிசெய்து தரக் கேட்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் வேலை என்றுதான் அவன் நினைத்தான்.

"இன்னா ஆச்சா? லாகின் பண்ணாத ஆளு உள்ள வந்தா லாகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பணும்ல... ஆங், அந்த ரீடைரக்டுதான். ...போவுது, ஆனா ஒயுங்கா போவல. ஒரு செகண்டு வேற பக்கத்தக் காட்டிட்டு அப்புறம் குதிக்குது. ...ஆமா. ஆமா ஆமா, செஷனும் பாத்தேன். கேச்சும் கிளியர் பண்ணிட்டேன். நீ சொல்றதெல்லாம் காத்தாலயே பண்ணி முடிச்சிட்டேன். நீ கொஞ்சம் கேளு.

"பேரை ரத்து பண்ற பக்கம் கீதுல்ல, அந்த ஃபைலத் தொறந்தேன். மேல, ஆளு லாகின் பண்லன்னா லாகினுக்குப் போன்னு எயுதிக்கீற. சரி. அதுக்கு அடுத்த வரி எங்கடா? ...எக்ஸிட்டு. எக்ஸிட்டு எங்க? ...போன்னு சொன்னா போதுமா? நீ பிரவுசரைத்தான் போன்னு சொன்ன. சர்வரை நில்லுன்னு சொன்னியா? அது பாட்டுக்குக் கீய ஓடிகினே கீது. கீய இன்னா எயுதி வெச்சிக்கீற? ...ஆங். டெலீட்டு."

வந்தவனிடம் "உள்ளே வரக்கூடாது, போ" என்று வாசலில் சொல்லி அனுப்பிவிட்டு, அவன் கேட்டு வந்த காரியத்தை உள்ளே போய்ச் செய்து முடித்துவிடும் காவலாளியைப் போல இருந்தது அந்தப் பக்கம். உதயகுமாருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சர்வர் பதிவுகளைத் திறந்து பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"யார் தொட்டாங்களா? மனுசன் யாரும் தொடல. நெட்டுல கீற பக்கத்தையெல்லாம் மேய்ஞ்சிகினு ஒரு ரோபோ வருமே... ஆங், தேடுறதுக்கு வர்றது. அது. அட்டவணைய ஊருக்கே தெரியற மாரி வுட்டுக்கீற, ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ரத்துன்னு ஒரு லிங்கு. அதுக்கு இன்னா தெரியும்? வரிசையா தொட்டுட்டுப் போவுது. மார்ச்சு நாலாந்தேதி காலையில பதினொன்னேகாலு. ஒம்போது லிங்கு. ஒம்போது பேரு காலி. ...சிரிக்காத. ...டேய், சிரிக்காதன்றேன்ல!"

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. உதயகுமார் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். குடிக்காமலே கீழே வைத்தான்.

"ஜெகதாம்பாள்னு ஒரு அம்மா. செம்பரம்பாக்கத்துலர்ந்து வருது. வாரத்துக்கு மூணு வாட்டி மெசின்ல படுத்தாவணும். அன்னிக்கு பஸ்ஸு புடிச்சி வந்து நின்னா லிஸ்ட்ல பேரு இல்ல. மெசினை வேற ஆளுக்குக் குடுத்தாச்சி, நாளான்னிக்கு வான்னு அனுப்பிட்டாங்க. நாளான்னிக்கு எங்கடா வர்றது? நுரையீரல்ல தண்ணி கோத்துகினு மூச்சு வுட முடியாம நாலு நாளு ஐசியூவுல கெடந்துச்சி. ...பொயச்சிகிச்சி. ...ஆமா, பொயச்சிகிச்சி. அதனால ஒண்ணும் ஆவலன்னு சொல்லிடாத."

கொஞ்ச நேரம் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "ம்... ம்..." என்றான். கோகுல்நாத்தின் குரல் இப்போது தாழ்ந்து, வருத்தம் தோய்ந்து வந்தது. உதயகுமாரின் முகம் மட்டும் இளகவில்லை.

"மறந்துட்டியா? ...எக்ஸிட்டு போட மறந்துட்ட. ...சரி. அவசரத்துல எயுதினதுல வுட்டுப்போச்சு. ...இன்னொரு வாட்டி சொல்லு மச்சான், காதுல சரியா வுயல. ...மறந்துட்ட. ...சத்தியமா?"

அவன் திரையின் பக்கம் திரும்பினான். நிரலுக்குள், கணினி படிக்காத, மனிதர் மட்டும் படிக்கும் குறிப்பாக ஒரு வரி இருந்தது. காலையிலிருந்து அதைப் பத்து முறையாவது படித்திருப்பான்.

"அப்போ இது யார் எயுதினது? படிக்கிறேன், கேளு. 'எக்ஸிட் எடுத்தாச்சு. கீழ டெலீட்டும் ஓடுது. அப்புறம் பாக்கணும். கோகுல்.' தேதி போட்டுக்கீற, ஜனவரி ஒம்போது. ...ஹலோ? ...கீறியா? ...இன்னாடா, பேச்சையே காணோம்?"

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"சொல்லு. ...ம். ...எக்ஸிட்டு போட்டா பக்கம் வெள்ளையா நின்னுச்சி. சரி. ஏன் நின்னுச்சின்னு பாத்தியா? நான் பாத்தேன். எல்லா பக்கத்துக்கும் முன்னாடி ஓடுற கான்ஃபிக் ஃபைலோட கடைசில ஒரு காலி வரி. ஒரே ஒரு காலி வரிடா! அது மொதல்ல வெளிய போயிடுது, அதுக்கப்புறம் நீ திரும்பிப் போன்னு எவ்ளோ கத்துனாலும் பிரவுசர் காதுல வுயாது. அந்த வரிய அயிச்சிருந்தா வேல முடிஞ்சிது. நீ அத அயிக்காம எக்ஸிட்டை அயிச்ச. கடைசில ஒரு ஸ்கிரிப்டு ஒட்டி லாகினுக்குத் தள்ளிவுட்ட. பாக்கறவனுக்கு நல்லா ஓடற மாரியே இருக்கும். ...டெட்லைனா? உனக்குப் புதுக் கம்பெனில ஜாயின் பண்ற அவசரம். அதச் சொல்லு."

அதுவரைகூட உதயகுமாரால் மன்னித்திருக்க முடியும். அவசரத்தில் குப்பையை மூடிவைத்துவிட்டுப் போகாத ஆள் இந்தத் தொழிலில் யாரும் இல்லை, அவனே செய்திருக்கிறான். மன்னிக்க முடியாதது, நாகேந்திரன் காலையில் பழைய கோப்புகளோடு சேர்த்து அனுப்பியிருந்த ஒரு பக்கக் கடிதம். பெயர்கள் காணாமல் போனதும் மையம் கோகுல்நாத்திடம் விளக்கம் கேட்டது. மார்ச் ஏழாம் தேதி அவன் பதில் எழுதினான்.

"லெட்டரும் எங்கிட்ட கீது. 'மென்பொருளில் எந்தப் பிழையும் இல்லை. முன்மேசையில் இருக்கும் ஊழியரே பெயர்களை நீக்கியிருக்க வேண்டும்.' நீதான எயுதின? ...நீக்கியிருக்க வேண்டும்னுதான் போட்டேன், உறுதியா சொல்லலன்றியா? தூ! ஜனவரிலயே கீய டெலீட்டு ஓடுதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சிகினு அந்தப் பொண்ணு மேல தூக்கிப் போட்டுட்ட."

முன்மேசையில் இருந்த கோமளா திருமழிசைக்காரி. அவளுடைய அம்மா நாற்று நட்ட வயலில் இப்போது ஒரு கிடங்கு நிற்கிறது. அந்தக் குடும்பத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். சொந்தக்காரர்களுக்கு இடம் கொடுக்க மற்றவர்கள் பெயரை எடுத்துவிட்டாள் என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் பையைத் திறந்து காட்டச் சொல்லி, வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். "அந்தப் பொண்ணத் தூக்கியாச்சு சார், ஆனாலும் பேரு போயிகிட்டேதான் இருக்கு" என்று நாகேந்திரன் சாதாரணமாகச் சொன்னபோதுதான் உதயகுமார் பழைய கோப்புகளையெல்லாம் அனுப்பச் சொன்னான்.

"ம்... ம்... இன்னா? அந்தக் குறிப்பை அயிச்சிடணுமா? ...எக்ஸிட்டைப் போட்டுட்டு, காலி வரிய எடுத்துட்டு, சத்தமில்லாம முடிச்சிக் குடுத்துடணும். ...யாருக்கும் தெரியாது. ...ஆமாமா, ரெண்டே நிமிசம்தான். ...ஓ. உங்க கம்பெனில ஆளு எடுக்கறாங்களா? ...எனக்கா? ...நீ சொன்னா எடுத்துப்பாங்க."

இரண்டு வருடமாக அந்தக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவன் உதயகுமார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே போகும் தன்னை அவன் பார்த்துவிட்டான். அடுத்த நொடி தன் மேலேயே அருவருப்பு வந்தது. கெட்டுப்போன சோற்றை வாயில் வைத்துவிட்டதைப் போல உடம்பு கூசியது.

"வாந்தி வருதுடா எனக்கு. உங்கூட ஒரே டிபன் பாக்ஸ்ல துன்னுக்கீறேன்னு நெனச்சாலே கொமட்டுது. ...இரு. பேசாத. ஒரு நிமிசம் பேசாத."

நாகேந்திரனுக்கு எழுதிவைத்திருந்த மின்னஞ்சலை எடுத்தான். குறிப்பு இருந்த பக்கத்தின் படம், சர்வர் பதிவு, அந்தக் கடிதம், மூன்றும் அதில் இருந்தன. கோகுல்நாத்தின் முகவரியையும் சேர்த்தான். அனுப்பினான்.

"வந்துச்சா? ...ஆங், சத்தம் கேட்டுச்சி. படி. ...நாகேந்திரன் சாருக்குத்தான். ...கூப்புடட்டும், உன் கம்பெனிக்கே கூப்புடட்டும். எனக்கு இன்னா? ...அயுவாத. ...கோகுலு, அயுவாதடா. ஊட்ல கொயந்த கீதுன்றது எனக்கும் தெரியும். ஜனவரில உனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

எதிர்முனையில் விம்மல் அடங்க நேரமாயிற்று. உதயகுமார் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். இன்னும் ஒரு வழியை அவனுக்கு விட்டுவைக்கலாம் என்று தோன்றியது.

"கேளு. சைட்டை நான் சரி பண்ணிட்டேன். இனிமே பேரு போவாது. நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. மையத்துக்கு வேணாம், எனக்கு வேணாம். நேரா கோமளாவுக்குப் போன் போடு. நான்தான் பண்ணேன், உம்மேல தப்பில்லன்னு உன் வாயால சொல்லு. நம்பர் அனுப்பறேன். ...ம்? ...இன்னா கேட்ட?"

உதயகுமார் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"யாரு கோமளான்னா கேக்கற?"

கோகுல்நாத் மறுபடி மறுபடி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். உதயகுமார் போனைக் காதிலிருந்து எடுத்து, அந்தக் குரல் கத்திக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தான்.